என் மகன் வீடு வீடாகச் சென்று விற்பவன்

(சிட்னி, லிட்கம் நகரில் நடைபெற்ற பெற்றோர் – இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இளையோரின் தொழில் தெரிவு குறித்துப் பேசுமாறு ஏற்பாட்டாளர்கள் என்னைக் கேட்டிருந்தனர். தகவல் தொழில்நுட்பத் துறையில் பணியாற்றும் பொறியியற் பட்டதாரி என்பதால், கணினித் துறையில் எம் பிள்ளைகளுக்குள்ள வாய்ப்புகளைப் பற்றிப் பேசுவேன் என்று அவர்கள் எண்ணியிருக்கக் கூடும். அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் இன்று பேச வந்திருப்பது என் மூத்த மகனின் தொழிலைப் பற்றி. அவனுக்கு வயது 21. அவன் வீடு வீடாகச் சென்று, கதவைத் தட்டி, சோலார் பனல்களும் பற்றரிகளும் விற்பவன்.

இந்த ஒரு வாக்கியத்தைச் சபையில் உரக்கச் சொல்வதற்கு எனக்கு ஒன்றரை ஆண்டுகள் தேவைப்பட்டன.

அவன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று கொண்டிருந்தான். இரண்டாம் ஆண்டின் நடுவில் படிப்பை நிறுத்தினான். அதற்காக எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதங்களை இங்கு விவரிக்க விரும்பவில்லை; இச்சபையில் இருப்போரில் பலருக்கு அவற்றின் வசனங்கள் மனப்பாடமாக இருக்கும். செலக்டிவ் பாடசாலைத் தேர்வுக்காகப் பத்து வயதில் ரியூசனுக்கு அனுப்பிய பிள்ளை. ஏ.ரி.ஏ.ஆர் புள்ளி வந்த அன்று யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் தொலைபேசியில் அறிவித்து மகிழ்ந்த பிள்ளை. அவன் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ரப்லெட்டுமாகத் தெருத் தெருவாக நடக்கிறான் என்பதை நான் யாரிடம் சொல்வது?

சொல்லவில்லை. துங்காபியில் ஒரு பிறந்தநாள் விழாவில் நண்பர் ஒருவர், "மூத்தவர் இப்ப என்ன செய்யிறார்?" என்று கேட்டார். "சந்தைப்படுத்தல் துறையில் இருக்கிறார்" என்றேன். எனக்குப் பின்னால் சாப்பாட்டுத் தட்டுடன் என் மகன் நின்றிருந்தான். வீடு திரும்பும் வழியில், எம்4 நெடுஞ்சாலையில் ஏறும் வரை அவன் எதுவும் பேசவில்லை. பின்னர் ஆங்கிலத்தில் மெதுவாகக் கூறினான்: நீங்கள் சொன்னது பொய் இல்லை அப்பா, ஆனால் அது என் வேலையும் இல்லை.

நாம் இன்று கூடியிருக்கும் இந்த ஊரே பெயரை மாற்றிக்கொண்ட ஊர்தான். முதலில் ஹஸ்லம்ஸ் கிரீக், அதன்பின் ரூக்வூட். 1867இல் திறக்கப்பட்ட பெரும் மயானமும் அதே ரூக்வூட் என்ற பெயரில் அறியப்படவே, மயானத்தின் பெயரைத் தம் முகவரியில் சுமக்க ஊரவர்கள் விரும்பவில்லை. லிட்பரி, லார்க்கம் என்ற இரு நகரபிதாக்களின் பெயர்களை ஒட்டவைத்து 1914இல் லிட்கம் என்று ஆக்கிக்கொண்டனர். மயானம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எம்மவர் பலரை நாம் வழியனுப்பி வைத்ததும் அங்குதான். என் "சந்தைப்படுத்தல் துறை"யும் இந்த வகையைச் சேர்ந்த பெயர்தான்.

அப்படியாயின் அவன் செய்யும் வேலை என்ன? பெற்றோராகிய நாம் அதைக் கேட்டறிவதே இல்லை என்பதால் சற்று விரிவாகக் கூறுகிறேன். காலையில் அவர்களுக்கு ஒரு தெருத் தொகுதி ஒதுக்கப்படும். ஒரு நாளில் எண்பது, தொண்ணூறு கதவுகள். அவற்றில் திறப்பவை முப்பதளவில். திறந்தவர்களில் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசுபவர்கள் ஏழெட்டுப் பேர். ஒப்பந்தம் வரை போவது ஒன்று; பல நாட்களில் அதுவும் இல்லை. ஜனவரி மாதத்து நாற்பது பாகை வெயிலிலும் இதே கணக்குத்தான். நான் ஒரு நேர்முகத் தேர்வில் நிராகரிக்கப்பட்டால் ஒரு கிழமை முகம் வாடித் திரிந்தவன். அவன் அறுபது, எழுபது நிராகரிப்புகளை வாங்கிக்கொண்டு மாலையில் வந்து தங்கையுடன் சிரித்துப் பேசுகிறான்.

வீட்டை வெளியிலிருந்தே படிக்கக் கற்றிருக்கிறான். கூரை எந்தத் திசையை நோக்குகிறது, மரநிழல் விழுகிறதா, மின்மானிப் பெட்டி பழையதா புதியதா, வாசலில் எத்தனை சோடிச் செருப்புகள், சிறு பிள்ளையின் சைக்கிள் கிடக்கிறதா என்பதெல்லாம் வாயிற்படி ஏறுவதற்குள் அவன் கண்ணில் பட்டுவிடும். இந்த லிட்கம் தெருக்களில் கொரிய, சீன, வியட்நாமிய, நேபாளக் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களது மொழிகளில் வணக்கம் சொல்லவும், "பிறகு வரட்டுமா?" என்று கேட்கவும் பழகியிருக்கிறான். பத்து ஆண்டுகள் தமிழ்ப் பாடசாலைக்கு இழுத்துக்கொண்டு போயும் நாங்கள் ஊட்ட முடியாத மொழிப்பற்றை இந்தத் தெருக்கள் ஊட்டியிருக்கின்றன என்று என் மனைவி சொல்லிச் சிரிப்பார்.

இந்தத் தொழிலின் இருண்ட பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவன் முதலில் சேர்ந்த நிறுவனம் அவனை ஊழியனாகச் சேர்க்கவில்லை, ஏ.பி.என் எண் எடுத்துவரச் சொல்லிச் சுயதொழில் ஒப்பந்தக்காரன் என்று பதிந்தது. ஆனால் வேலை நேரம், சட்டை, தெரு, பேச வேண்டிய வசனம் அனைத்தையும் நிறுவனமே தீர்மானித்தது. அடிப்படைச் சம்பளம் இல்லை, சுப்பர் இல்லை, விற்றால் கொமிஷன் மட்டும். ஊழியராக இருக்க வேண்டிய ஒருவரை ஒப்பந்தக்காரர் என்று காட்டுவதை 2009ஆம் ஆண்டின் நியாய வேலைச் சட்டம் தடை செய்கிறது. இளையோரே, உங்களுக்கு இவ்வாறு நேர்ந்தால் 13 13 94 என்ற எண்ணில் நியாய வேலைக் குறைகேள் அலுவலகத்தை அழைக்கலாம்.

மூன்றாவது கிழமையில், "அரசாங்கத் திட்டத்திலிருந்து வருகிறோம்" என்று கூறும்படி அவனுக்குச் சொல்லிக்கொடுத்தனர். அவன் அன்றே விலகினான். வர வேண்டிய இரண்டு கொமிஷன்கள் வரவே இல்லை. அந்த வேளையில் நான் அவனுக்குக் கூறிய ஆறுதல், "இனியாவது படிக்கப் போ" என்பதுதான். அவன் சரியானதொன்றைச் செய்துவிட்டு வந்து நின்றதை நான் அன்று கவனிக்கவே இல்லை.

அவன் எதிலிருந்து விலகினான் என்பதை அறிய, இந்த நாட்டில் நடந்தவற்றை அறிய வேண்டும். 2011 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டம், வீடு தேடி வரும் விற்பனையாளருக்குத் தெளிவான வேலிகளைப் போட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறை நாட்களிலும் வரக் கூடாது. ஏனைய நாட்களில் காலை 9 மணிக்கு முன்னரோ, மாலை 6 மணிக்குப் பின்னரோ, சனிக்கிழமையாயின் 5 மணிக்குப் பின்னரோ வரக் கூடாது. போகச் சொன்னால் உடனே போக வேண்டும். ஒப்பமிட்ட பின்னரும் 10 வேலை நாட்களுக்குள் காரணம் கூறாமலே ஒப்பந்தத்தை இரத்துச் செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு.

வேலி இருந்தும் மேய்ந்தார்கள். "கதவைத் தட்டாதீர்கள்" என்ற ஸ்ரிக்கர் ஒட்டியிருந்த வீட்டிலும் தட்டிய விவகாரத்தில், 2012இல் நேபர்ஹுட் எனர்ஜி என்ற மின்சார நிறுவனத்துக்கும் அதன் சார்பில் விற்ற நிறுவனத்துக்கும் சமஷ்டி நீதிமன்றம் மொத்தம் 10 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது. 2013இல் ஏ.ஜி.எல் மீதும் தண்டம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் மூன்று பெரிய மின்சார நிறுவனங்களும் வீடு வீடாக விற்பதையே கைவிட்டன. இவற்றைவிடக் கொடுமையானது தொழிற்கல்விக் கடனின் பெயரால் நடந்தது. இலவச மடிக்கணினி என்று ஆசை காட்டி, ஆங்கிலம் சரியாக வாசிக்கத் தெரியாதவர்களையும் முதியவர்களையும் வாசற்படியில் வைத்தே டிப்ளோமா வகுப்புகளில் சேர்த்தனர். அவர்கள் தலையில் பல்லாயிரம் டொலர் அரச கடன் ஏறியது. அந்தக் கடன் திட்டம் 2016 முடிவில் நிறுத்தப்பட்டது. ஃபீனிக்ஸ் என்ற கல்வி நிறுவனத்துக்கும் அதன் கூட்டு நிறுவனத்துக்கும் 2021இல் விதிக்கப்பட்ட தண்டம் 43 கோடியே 80 இலட்சம் டொலர்.

ஆகவே, வாசலுக்கு வரும் இளைஞனைச் சந்தேகத்துடன் பார்ப்பவர்களை நான் குறை கூற மாட்டேன். எம் வீடுகளில் தனித்திருக்கும் அம்மாமாரும் அப்பாமாரும் மரியாதைக்காக "ஓம், ஓம்" என்று தலையாட்டுபவர்கள். அந்த "ஓம்" சில வேளைகளில் ஒப்பமாகிவிடுகிறது. ஒப்பமிட்டுவிட்டு வெட்கத்தில் பிள்ளைகளிடம் சொல்லாமல் விடுகிறார்கள். பத்து நாட்கள் கழிந்துவிடுகின்றன. தயவுசெய்து அன்றே சொல்லுங்கள். மொழி தடையானால் 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

என் மகன் இப்போது இருக்கும் நிறுவனத்தில் அவனுக்கு அடிப்படைச் சம்பளமும் சுப்பரும் உண்டு. 2025 யூலை 1 முதல் நடுவண் அரசு வீட்டுப் பற்றரிகளுக்குக் கழிவு வழங்கத் தொடங்கிய பின் அவனுக்கு வேலை கூடியிருக்கிறது. இந்த நாட்டில் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கூரைகளில் ஏற்கெனவே பனல்கள் இருப்பதால், அவன் தட்டும் கதவுகளில் பல, பனல் இருந்து பற்றரி இல்லாத வீடுகள். ஒப்பந்தம் ஆனதும் அந்தப் பத்து நாள் உரிமை எழுதப்பட்ட பக்கத்தை மேலே எடுத்து வைத்துவிட்டு வருகிறான். அதனால் சில ஒப்பந்தங்கள் கை நழுவுகின்றன. மேலாளர் முணுமுணுப்பாராம்.

தெருவில் நடந்து விற்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. நீங்கள் உடுப்பு வாங்கும் மையர் அங்காடியைத் தொடங்கிய சிட்னி மையர், 1899இல் ரஷ்யப் பேரரசிலிருந்து மெல்பேர்ணுக்கு வந்திறங்கிய யூத இளைஞர். ஆங்கிலம் அதிகம் தெரியாது. பெண்டிகோ பக்கத்துக் கிராமங்களில் துணி மூட்டையுடன் வாசல் வாசலாகச் சென்று விற்றார். 1900இல் பெண்டிகோவில் சிறு கடை; 1914இல் மெல்பேர்ண் பேர்க் வீதியில் பேரங்காடி. எங்கள் துணைக்கண்டத்து மனிதர்களும் அதே காலத்தில் அதே பாதைகளில் நடந்தார்கள். பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்களும் முஸ்லிம்களும் ஊசி, நூல், துணி, மருந்து ஆகியவற்றைச் சுமந்து தொலைதூரப் பண்ணை வீடுகளுக்குச் சென்றனர். 1901இல் வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை சட்டமான பின்னரும் அவர்களில் பலர் நடந்துகொண்டே இருந்தனர். விக்ரோரியாவில் அவ்வாறு வாழ்ந்து 1947இல் மறைந்த பூரன் சிங்கின் அஸ்தி, வார்ணம்பூல் நகரில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாதுகாக்கப்பட்டிருந்தது. 2010இல் கிரிக்கெட் வீரர் கபில்தேவ் நேரில் வந்து அதைப் பெற்றுக்கொண்டார்.

இந்த வரலாற்றை எல்லாம் தேடிப் படித்த பின்னரும் என் வாய் திறக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிட்னி மையரின் பெருமை வேறு, என் மகனின் அடையாள அட்டை வேறு. என் மனம் மாறியது ஒரு சனிக்கிழமை பிற்பகலில், இதே லிட்கத்தில்.

இன்னமும் நிரந்தர விசா கிடைக்காதிருக்கும் எம் அகதிகளுக்காக நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு. கையொப்பம் சேகரிக்கத் தொண்டர்கள் தேவைப்பட்டனர். கூட்டத்தில் கை உயர்த்தியவன் நான். ஆனால் முதல் வீட்டுப் படலைத் திறந்ததும் என் கால்கள் நகரவில்லை. நாற்பத்தெட்டு வயது, அலுவலகத்தில் முப்பது பேர் முன்னிலையில் பேசிப் பழகியவன். மணியை அழுத்திவிட்டு வலைக் கதவில் மூக்கு முட்டும்படி நின்றேன். துணைக்கு வந்திருந்த மகன் என் சட்டைக் கையைப் பிடித்து மெதுவாக இழுத்தான்.

"அப்பா, ரெண்டடி பின்னுக்கு வாங்கோ."

ஏன் என்று கேட்டேன். உள்ளே இருப்பவர் யார் என்று எமக்குத் தெரியாது. அவர் தனித்திருக்கும் பெண்ணாக இருக்கலாம், பயந்தவராக இருக்கலாம். கதவைத் திறக்கும்போது முதலில் அவருக்கு இடம் தெரிய வேண்டும், பிறகுதான் ஆள் தெரிய வேண்டும் என்றான். சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள், கைகள் வெளியில் தெரியட்டும், பெயரையும் வந்த காரணத்தையும் முதல் மூச்சிலேயே சொல்லிவிடுங்கள் என்றான்.

அவையோரே, கதவு தட்டப்படும் ஓசை எம் தலைமுறைக்கு என்ன என்பதை இந்தச் சபையில் விளக்க வேண்டியதில்லை. நள்ளிரவில் நாய்கள் குரைக்க, பின் கதவு தட்டப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாங்கள். தட்டியவர்கள் எவரும் இரண்டடி பின்னால் நிற்கவில்லை. இந்த நாட்டிலும், 2018 மார்ச் 5ஆம் திகதி விடியற்காலையில் குயின்ஸ்லாந்தின் பிலோவீலா என்ற சிற்றூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதவு அவ்வாறுதான் தட்டப்பட்டது. கைக்குழந்தை உட்பட நால்வரையும் கொண்டு சென்றனர். அவர்கள் 2022 யூனில் அதே ஊருக்குத் திரும்பி வந்ததில், நான்கு ஆண்டுகள் ஓயாமல் கையொப்பம் கேட்டுத் திரிந்த அந்த ஊரவர்களுக்குப் பெரும் பங்குண்டு. முன்பின் தெரியாதவரிடம் போய்ப் பேசக் கூச்சப்படாதவர்கள் அவர்கள்.

அன்று நான் ஒன்பது கையொப்பங்கள் பெற்றேன். மகன் நாற்பத்தொன்று. "தட்டாதீர்கள்" என்ற ஸ்ரிக்கர் இருந்த வீடுகளை அவன் தாண்டிச் சென்றான். மனுவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதே என்றேன். "தெரியும் அப்பா, ஆனா வேண்டாம்" என்றான். ஒரு மூதாட்டி அவனை அரை மணி நேரம் நிறுத்தித் தன் பேரப்பிள்ளைகளின் படங்களைக் காட்டினார், கையொப்பமிடவில்லை. அவன் நன்றி கூறிவிட்டு, வெளியில் கிடந்த அவரது குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்து வைத்துவிட்டு வந்தான்.

அன்றிரவு அவனிடம், இருபத்தேழு ஆண்டு காலத் திருமண வாழ்வில் என் மனைவியிடம்கூடச் சொல்லியிராத ஒன்றைச் சொன்னேன் என்று கூறினால் அது மிகைதான். எங்களுக்குத் திருமணமாகி அத்தனை ஆண்டுகள் ஆகவில்லை. ஆனால் அவரிடமும் சொல்லியதில்லை என்பது உண்மை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது நான் உயர்தர வகுப்பு மாணவன். தென்மராட்சியில், சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு வளவில் ஆறு மாதங்கள் இருந்தோம். என் தகப்பனார் அரச அலுவலக எழுதுவினைஞர். சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. சைக்கிள் கரியரில் ஒரு மரப்பெட்டியைக் கட்டி, சவர்க்காரம், நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி ஆகியவற்றை வீடு வீடாகக் கொண்டு சென்று விற்றார். பொருளாதாரத் தடையால் எல்லாமே விலை. முழுக் கட்டி வாங்க முடியாதவர்களுக்குச் சவர்க்காரத்தை நூலால் பாதியாக அறுத்துக் கொடுப்பார். அவரது அலுவலகத்து மனிதர்கள் குடியிருந்த ஒழுங்கைகளுக்கு மட்டும் போக மாட்டார். பின்னர் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் தகப்பனாரின் தொழிலைக் கேட்டபோதெல்லாம் எழுதுவினைஞர் என்றேன். அதுவும் பொய் இல்லை.

மகன் வியப்போ அனுதாபமோ காட்டவில்லை. அவன் கேட்ட ஒரே கேள்வி: "அப்பப்பா ஒரு நாளைக்கு எத்தினை கதவு தட்டினவர்?"

எனக்குத் தெரியவில்லை. ஆறு மாதங்கள் ஒரே குடிலில் இருந்தவன், கேட்டதில்லை. ஊரில் அப்போது இரவு ஒன்பது மணியும் ஆகியிருக்கவில்லை. தொலைபேசியை எடுத்து மகனிடமே கொடுத்தேன். எண்பத்திரண்டு வயதுக் குரல் சற்று நேரம் மௌனமாக இருந்தது. யார் சொன்னது என்று கேட்கவில்லை.

"முப்பது வாசல். சனிக்கிழமையெண்டால் நாப்பது. நீ கடன் குடுக்கிறனியோ?"

மகன் தன் சிட்னித் தமிழில் கடனைப் பற்றியும், பிறகு அந்தப் பத்து நாள் விதியைப் பற்றியும் விளக்கினான்.

"பத்து நாளோ? அதுக்கிடையில சவக்காரம் கரைஞ்சிடும், ராசா."

அதன்பின் அவர்கள் நாய்களைப் பற்றிப் பேசினார்கள். எந்த நாய் கடிக்கும், எந்த நாய் குரைத்துவிட்டு விடும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. நாற்பது நிமிடங்கள் ஆகியும் முடியவில்லை. எனக்கு அங்கு பேச எதுவும் இல்லாததால் தேநீர் வைக்கச் சென்றேன்.